உப்பு கசிந்த நாட்களில் நிரப்பிய ஒன்பது பெட்டிகள்

முப்பத்து மூன்று ஆண்டுப் பணியில் என் கோப்புகள் எதிலும் தணிக்கையாளர்கள் ஒரு குறையும் கண்டதில்லை. கடற்படைக்கு வாங்கும் பொருள்கள் தரமானவைதானா என்று பார்த்துக் கையெழுத்திடும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவம் ஒன்றை எழுதித் தரச் சொன்னார்கள். "உங்களுக்குத் தெரியாத விதியே கிடையாதே சார், அதைப் பற்றியே எழுதுங்களேன்" என்றார் பயிற்சிக்குப் பொறுப்பான அதிகாரி. எழுதுகிறேன். விதி தெரியாதவன் தவறு செய்தால் மாட்டிக்கொள்வான். விதி தெரிந்தவன் தவறு செய்தால் அதற்கான பத்தி எண்ணையும் ஓரத்தில் குறித்துவிடுவான். நான் இரண்டாவது வகை.

போர்க்கப்பல் என்றதும் உங்களுக்கு ஏவுகணையும் ரேடாரும் நினைவுக்கு வரும். ஒரு கப்பல் கடலுக்குப் போகலாமா என்று முடிவு செய்யும் பட்டியலில் அவற்றுக்குக் கீழே, யாரும் படிக்காத பக்கத்தில், கைச்சுடர் என்று ஒரு வரி இருக்கும். படகில் தத்தளிப்பவர்கள் கையில் பிடித்து எரிக்கும் சிவப்புச் சுடர் அது. ஒரு நிமிடம் எரியும். மூன்று ஆண்டு ஆயுள். காலாவதியான சுடருடன் கப்பல் புறப்படக் கூடாது.

நான் சொல்லும் அந்த ஆண்டில் பல கோடி மதிப்புள்ள ஒரு கப்பல், எல்லாம் தயாராக இருந்தும், இந்தச் சுடருக்காகத் துறைமுகத்தில் கட்டிக் கிடந்தது. பழைய சுடர்களுக்கு இரண்டு முறை ஆயுள் நீட்டிப்புக் கொடுத்தாகிவிட்டது. கொடுத்ததும் நாங்கள்தான். காகிதத்தில் ஆயுளை நீட்டினால் மருந்துக்குள்ளும் நீளும் என்று ஒரு நம்பிக்கை. புதிய சுடர் வாங்குவதற்கான கோப்பு இரண்டரை ஆண்டு ஊர்வலம் போனது. முதல் முறை விலைப்புள்ளி விளம்பரத்தில் ஓர் இணைப்பு விடுபட்டுப் போனதால் ரத்து. இரண்டாம் முறை ஒரே ஒரு கம்பெனி மட்டும் வந்ததால் ரத்து. மூன்றாம் முறை, இருப்பதிலேயே குறைந்த விலை சொன்ன, ஆமத்தூர்ப் பக்கத்துப் பட்டாசு ஆலைக்கு ஆர்டர் போயிற்று. நாங்கள் எடுத்துக்கொண்டது இரண்டரை ஆண்டு. அவர்களுக்குக் கொடுத்தது ஆறு வாரம். அந்த ஆறு வாரமும் சரியாக ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வந்து விழுந்தன.

ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை என்பதும், வானம் மூடினால் பட்டாசு ஆலையில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தும் அறையைப் பூட்டிவிடுவார்கள் என்பதும் டெல்லியில் தேதி குறித்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியில்லை. நான் விருதுநகரில் பிறந்து வளர்ந்தவன். ஊர்க்காரன் என்பதால்தான் ஆய்வுக்கு என்னை அனுப்பினார்கள்.

நான் போன அன்று மழை ஓய்ந்து நல்ல வெயில். ஆலை முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். தொழிலாளர்கள் அவரை அண்ணாச்சி என்பார்கள்.

"வாங்க சார், வாங்க. சாப்பிட்டீகளா? நம்ம ஊர்க்காரரு ஆபீசரா வந்தா எம்புட்டு சந்தோசம் தெரியுமா!"

விதிப்படி டீ மட்டும் குடித்தேன். காராச்சேவுத் தட்டைத் தொடவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களில் நான் மிகவும் கண்டிப்பானவன்.

சரக்குக் கிட்டங்கியில் நாற்பது பெட்டிகள் இருந்தன. எண் அட்டவணையைப் பார்த்து அங்கொன்றும் இங்கொன்றுமாக இருபது சுடர்களை எடுத்தேன். பொட்டலில் நிறுத்தி ஒவ்வொன்றாக எரிக்கச் சொன்னேன். இருபதும் எரிந்தன. பட்டப்பகலிலும் கண் கூசும் சிவப்பு. வேலையாட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் அதற்குக் கப்பல் மத்தாப்பு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"கப்பல் முங்குனாலும் நம்ம மத்தாப்பு முங்காது சார்" என்றார் ஒருவர்.

"ஏலே, வாயக் கழுவு. கப்பல் ஏன் முங்குது?" என்று அண்ணாச்சி அதட்டினார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் பேச்சியம்மாள் முன்னால் வந்தார். ஆலையின் போர்மேன் அவர். மருந்து கலப்பதும் செலுத்துவதும் அவர் பொறுப்பு. ஐம்பது வயது இருக்கும். கூலிக்குக் குழாய் உருட்ட வந்து, நாற்பது வயதுக்கு மேல் பரீட்சை எழுதி, போர்மேன் சான்றிதழ் வாங்கியவர். அந்தச் சான்றிதழ் இல்லாமல் மருந்து அறைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

"சார், ஒரு விசயம். மறைவாச் சொல்லல, அண்ணாச்சி முன்னாடியே சொல்றேன். அந்தச் செவுத்து ஓரமா சாக்பீஸ் கோடு போட்டு ஒம்பது பெட்டி இருக்கு. அத மட்டும் விட்டுட்டுப் போங்க."

"ஏன்?"

"அது உப்பு கசிஞ்ச நாள்ல செலுத்துனது."

மருந்து அறை வாசலில் ஓர் அலுமினியத் தட்டில் கல் உப்பு வைத்திருப்பார். காலையில் வந்ததும் அதைத் தொட்டுப் பார்ப்பார். உப்பு பொலபொலவென்று இருந்தால் மருந்தை எடுக்கலாம். கசிந்து பிசுபிசுத்தால் காற்றில் ஈரம், எடுக்கக் கூடாது. தினமும் உப்பு எப்படி இருந்தது என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்திருந்தார்.

"ஏத்தா பேச்சி, உப்பு எதுக்கு? அதான் மீட்டர் வாங்கி மாட்டியிருக்கோம்ல?" என்றார் அண்ணாச்சி.

"மீட்டரு உங்க ரூம்ல ஏசிக்குக் கீழ தொங்குது அண்ணாச்சி. அதுக்கு எப்பிடி வேர்க்கும்?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நான் ஏற்கெனவே அந்த மீட்டரைப் பார்த்திருந்தேன். ஈரமானி இருக்க வேண்டும், அதற்கு அளவுச் சான்று இருக்க வேண்டும், தினசரிப் பதிவேடு இருக்க வேண்டும் என்கிறது விதி. எந்த அறையில் தொங்க வேண்டும் என்று சொல்லவில்லை. சான்று இருந்தது. பதிவேடும் இருந்தது. கார்த்திகை மழையிலும் சித்திரை வெயில் அளவுகள். நான் டிக் போட்டிருந்தேன்.

"அந்தப் பெட்டிகள்ல இருந்தும் நாலு எடுத்து எரிச்சேனேம்மா. நல்லாத்தானே எரிஞ்சுது?"

"இன்னைக்கு எரியும் சார். பட்டாசுன்னா அடுத்த தீவாளிக்குள்ள கொளுத்திருவாக, கவலையில்ல. ஈரத்துல கட்டுன சரக்க நாங்க உள்ளூர்லயே சீக்கிரம் தள்ளி விட்டுருவோம். நீங்க மூணு வருசம்ல வச்சிருப்பீக? ஈரம் உள்ள இருந்து மருந்தத் திங்கும். ஒண்ணு எரியாது. இல்லாட்டி அடியோட பிச்சுக்கிட்டுப் போகும்."

"தெரிஞ்சும் எதுக்குச் செலுத்துனீங்க?"

"ஆறு வாரம்னு நீங்கதான சார் எழுதுனீக? வேண்டாம்னு அண்ணாச்சிகிட்டச் சொன்னேன். கேக்கல. அதான் கோடு போட்டுப் பிரிச்சு வச்சேன். பத்து நாள் குடுங்க, அம்புட்டையும் கொட்டிட்டுப் புதுசாச் செலுத்தித் தாரோம்."

அண்ணாச்சி என் பக்கம் குனிந்தார். "பத்து நாள் பிந்துனா எங்களக் கருப்புப் பட்டியல்ல போட்டுருவீகளே சார்."

இப்போது உங்களை என் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். கப்பல் புறப்படப் பத்தொன்பது நாள். துறைமுகத்திலிருந்து அன்று காலை மட்டும் மூன்று போன். "எல்லாம் ரெடி, உங்க மத்தாப்பு ஒண்ணுதான் பாக்கி" என்று தளவாட அதிகாரி சிரித்துக்கொண்டே கடித்தார். முப்பத்தொரு பெட்டிகளை மட்டும் எடுக்கலாமா? ஒப்பந்தப்படி நாற்பதும் ஒரே தொகுதி. பிரிக்க வேண்டுமென்றால் ஒப்பந்தத் திருத்தம். அது மேலே போய் வர இரண்டு மாதம். ஆனால் அவசரமென்று நான் ஒரு கடிதம் எழுதிப் பிரித்திருக்க முடியும். பின்னால் விளக்கம் கேட்டு ஒரு மெமோ வந்திருக்கும். அவ்வளவுதான். பத்து நாள் பொறுத்திருந்தாலும் கப்பலுக்குச் சரக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அதற்கும் ஒரு மெமோ.

இன்னொரு வழியும் இருந்தது. சந்தேகம் வந்தால் சுடர்களைச் சூடும் ஈரமுமான அறையில் இருபத்தெட்டு நாள் வைத்து, பிறகு எரித்துப் பார்க்க வேண்டும். பேச்சியம்மாள் மூன்று ஆண்டில் நடக்கும் என்று சொன்னதை அந்தச் சோதனை ஒரு மாதத்தில் காட்டிவிடும். ஆனால் அதே பக்கத்தில் கீழே ஒரு விலக்கு உண்டு: அதே ஆலையின் முந்தைய தொகுதி இந்தச் சோதனையில் தேறியிருந்தால், ஆய்வாளர் தம் விருப்பப்படி அந்த முடிவையே ஏற்கலாம். வேறொரு துறைக்காக அவர்கள் செய்த முந்தைய தொகுதி தேறியிருந்தது. அது மாசி மாதத்தில், சுள்ளென்ற வெயிலில் செலுத்தியது.

பத்தி எண் மனப்பாடம். புத்தகத்தைத் திறக்கக்கூட வேண்டியிருக்கவில்லை.

நான் விலக்கை எழுதத் தொடங்கியதும் பேச்சியம்மாள் தம் நோட்டை நீட்டினார். "அப்ப இதையாவது உங்க பேப்பரோட சேத்துக்கிடுங்க சார்."

புரட்டினேன். பென்சிலில், நல்ல கையெழுத்தில், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி. உப்பு நல்லா இருந்தது. உப்பு நல்லா இருந்தது. உப்பு கசிஞ்சது, அண்ணாச்சி செலுத்தச் சொன்னாங்க, கோடு போட்டேன்.

"உப்பு கசிஞ்சுதுன்னு டெல்லிக்கு எழுத முடியுமாம்மா? படிவத்துல அதுக்குக் கட்டமே இல்லையே" என்று சொல்லிச் சிரித்தேன்.

அதிகாரி சிரித்ததால் மற்றவர்களும் சிரித்தார்கள். பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. நோட்டை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மருந்து அறைப் பக்கம் நடந்தார். நாற்பது பெட்டியும் அன்று மாலையே லோடு ஏறின. கப்பல் குறித்த நாளில் புறப்பட்டது. காலத்தே செயல்பட்டதற்காக எனக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்த ஆவணியில், ஒரு பயிற்சியின்போது, அந்தக் கப்பலின் சிறிய படகு ஒன்று என்ஜின் நின்று காற்றில் விலகிப் போயிற்று. அதில் நான்கு பேர். கடல் கொந்தளிப்பு, மூட்டம். தேடிவந்த ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் சுடர்களை எடுத்தார்கள். முதல் மூன்றும் பற்றவில்லை. நான்காவது புகைந்து அணைந்தது. ஐந்தாவது பிடித்திருந்தவரின் கையிலேயே அடியோடு வெடித்தது. ஹெலிகாப்டர் அவர்களைப் பார்க்காமல் கடந்து போனது. பதினான்கு மணி நேரம் கழித்து ஒரு மீன்பிடிப் படகு அவர்களைக் கண்டெடுத்தது. நால்வரும் உயிரோடு வந்தார்கள். ஒருவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை. மருத்துவ அறிக்கையில் எந்த விரல்கள் என்றுகூட எழுதியிருந்தது. அதை நான் இங்கே எழுத மாட்டேன். எனக்கு அது மறக்க வேண்டிய பத்தி எண், மறக்க முடிவதில்லை.

பெட்டி எண்ணைப் பார்த்தேன். பார்க்காமலே தெரியும். ஒன்பதில் ஒன்று.

விசாரணைக் குழு மூன்று பேர். ஆலையிலிருந்து அண்ணாச்சி ஒரு வக்கீலுடன் வந்திருந்தார். பேச்சியம்மாள் தனியாக ரயிலேறி வந்திருந்தார், நோட்டுடன். அண்ணாச்சி சொன்னது சுருக்கம்: "ஈரத்துல செலுத்தக் கூடாதுன்னு பொதுவாவே சொல்லியிருக்கேன். மருந்து அறைக்குப் பொறுப்பு போர்மேன்தான்." வக்கீல் நோட்டைக் காட்டினார். ஈரம் என்று இந்த அம்மாவுக்கே தெரிந்திருக்கிறது, தம் கையாலேயே எழுதியிருக்கிறார், தெரிந்தும் செலுத்தியிருக்கிறார் என்றார். அண்ணாச்சி சொன்னார் என்று அதே வரியில் எழுதியிருந்ததைப் பின்னால் சேர்த்தது என்று தள்ளினார்.

"பின்னால சேக்கல ஐயா. ஆய்வுக்கு வந்த அன்னைக்கே இந்தச் சார்கிட்டக் காட்டுனேன். ஒம்பது பெட்டிய எடுக்காதீகன்னும் சொன்னேன். சிரிச்சாக" என்றார் பேச்சியம்மாள்.

குழுத் தலைவர் என்னைப் பார்த்தார். "இந்த நோட்டு ஆய்வின்போது உங்களிடம் சமர்ப்பிக்கப்பட்டதா?"

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தொழில் கற்றுத் தந்த மேலதிகாரி ஒருவர் இருந்தார். நேர்மையானவர், சிக்கனமானவர், ஒரு தப்பான விலைப்பட்டியலைப் பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார். அவர் எனக்குச் சொல்லித் தந்ததில் நான் விடாமல் கடைப்பிடித்தது ஒன்றைத்தான்: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல். கேட்காததற்குப் பதில் சொன்னவன் எவனும் நிம்மதியாக ஓய்வு பெற்றதில்லை. அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாரோ தெரியாது.

"முறைப்படி சமர்ப்பிக்கப்பட்ட ஆவணங்களில் அந்த நோட்டு இல்லை" என்றேன்.

ஒரு சொல்லும் பொய் இல்லை. தலைவர் பேச்சியம்மாள் பக்கம் திரும்பி, "அப்படித்தானா அம்மா?" என்று கேட்டார்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இருந்தால் தாங்கியிருப்பேன். நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார். பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "ஆமா ஐயா. அந்தப் பேப்பர்ல இல்லதான்" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை.

ஆய்வு நடந்து ஏறக்குறைய ஓராண்டில் அவருடைய போர்மேன் சான்றிதழை ரத்து செய்து உத்தரவு வந்தது. ஆலைக்கு இரண்டு ஆண்டு ஆர்டர் தடை. அண்ணாச்சி மைத்துனர் பெயரில் வேறொரு கம்பெனி பதிவு செய்துகொண்டார். என்னைப் பற்றி அறிக்கையில் ஒரே வரி: ஆய்வாளர் நடைமுறைகளை முழுமையாகப் பின்பற்றியுள்ளார். நான் மாலையும் சால்வையுமாக ஓய்வு பெற்று விருதுநகருக்கே வந்து சேர்ந்தேன்.

அதன்பிறகு நான் நல்லவனாக முடிவெடுத்தேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நடந்தது இது. ஓய்வு பெற்றவர்மீது, சம்பவம் நடந்து நான்கு ஆண்டு கடந்துவிட்டால் துறை நடவடிக்கை தொடங்க முடியாது. ஓய்வூதியத்தைத் தொட முடியாது. சம்பவம் என்பது என் கையெழுத்து. குழுவிடம் சொன்னது பொய் அல்ல, ஆகவே அது சம்பவம் ஆகாது; இதையும் யோசித்து வைத்திருந்தேன். நான்காம் ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு கடிதம் எழுதினேன். பேச்சியம்மாள் சொன்னது, நோட்டைக் காட்டியது, நான் விலக்கு எழுதியது, சிரித்தது, எல்லாம். அவருடைய சான்றிதழைத் திருப்பித் தர வேண்டும் என்றும் எழுதினேன். அதை அவரிடம் முதலில் காட்ட வேண்டும் என்று தோன்றியது. நாட்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அவர் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் காலண்டர்களின் மேல்விளிம்பில் தகடு அடித்துக்கொண்டிருந்தார். சீசன் நேரம். அடுத்த ஆண்டின் நாட்கள் கட்டுக்கட்டாகச் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

"சாரா? நல்லா இருக்கீகளா? ரொம்ப எளச்சிட்டீக. சுகரா?"

கடிதத்தைக் கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, வெளிச்சத்துக்குப் போய் நின்றபடியே இரண்டு பக்கமும் படித்தார்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கீக. சிரிச்சதக்கூட எழுதியிருக்கீக."

"ஆமாம்மா."

"தேதி போடலையே சார்?"

"அனுப்பும்போது போட்டுக்கலாம்னு."

"எப்ப அனுப்புவீக?"

"இன்னும் பதினொரு நாள் இருக்கு. அதுக்கு அடுத்த நாள்." ஏன் என்று அவர் கேட்கவில்லை. நானாகவே விதியைச் சொன்னேன். விதிகளை விளக்குவதில் எனக்கு எப்போதும் ஒரு சரளம் உண்டு.

கேட்டுக்கொண்டார். "இன்னைக்கே போட்டா உங்க பென்சன் போயிரும். அப்பிடியா?"

"போகலாம்."

"போகுமா, போகலாமா?"

"போகலாம்."

கடிதத்தை மறுபடி ஒருமுறை பார்த்தார். "சாத்தூர்ல ஒரு கம்பெனில கேட்டாக. சர்டிபிகேட் இருந்தா தையில வந்து சேந்துக்கிடச் சொன்னாக. இங்கன நாள் பூரா தகடு அடிச்சு வெரல் மரத்துப்போவுது சார். எனக்கு மருந்து வேலதான் தெரியும்." மேசைமேல் கிடந்த பேனாவை எடுத்து நீட்டினார். "இன்னைக்குத் தேதியப் போடுங்களேன்."

நான் பேனாவை வாங்கினேன். சுற்றிலும் இருந்தவர்கள் தகடு அடிப்பதை நிறுத்தவில்லை. யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. ஓரிரண்டு இடத்தில் எழுத்துப்பிழை இருக்கிறது, வீட்டுக்குப் போய்த் திருத்தமாக அடித்துவிடுகிறேன் என்று சொன்னேன்.

"சரி சார்" என்றார். கடிதத்தைக் கசங்காமல் என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் மிஷின் முன்னால் உட்கார்ந்தார்.

பன்னிரண்டாம் நாள் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒரு மாதத்தில் சான்றிதழ் வழங்கும் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். நான் தந்திருப்பது புதிய சாட்சியம் என்பதை ஏற்கிறார்கள். அது ரத்து உத்தரவை மறுபரிசீலனை செய்யப் போதுமானது என்பதையும் ஏற்கிறார்கள். ஆனால் உத்தரவு வந்த மூன்று ஆண்டுக்குள் அதைத் தபாலில் சேர்த்திருக்க வேண்டும். ஆறு நாள் பிந்திவிட்டது.

அச்சகத்தில் பேனாவும் கையுமாக நான் நின்ற அன்று, அந்தக் கெடு முடிய இன்னும் ஆறு நாள் இருந்திருக்கிறது. அந்த விதி எனக்குத் தெரியாததல்ல. பட்டாசு ஆலைகளுக்கு ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு அதை நானே வகுப்பெடுத்திருக்கிறேன். திருத்தங்கலுக்குக் கிளம்புமுன் நாட்களை எண்ணிப் பார்த்தேன் என்று சொன்னேன் அல்லவா? என் நாட்களை மட்டும்தான் எண்ணியிருக்கிறேன்.